கவிழ்த்து வைத்த கண்மாய்: நிலத்தடி வாயுவை சைஸ்மிக் படத்தில் எப்படித் தேடுகிறார்கள்?

#1 · உச்சிப்புளி வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஒலி பாடம். எதிரொலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், வழுதூர் கரண்டு பிளான்டுக்கு நம்ம மாவட்டத்து கேஸ்தான் போகுதாம். அவ்வளவு ஆழத்துல கிடக்கிறதை மேல நின்னுக்கிட்டே எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?"

எதிரொலியை வைத்துத்தான் என்றேன். அவன் உட்காரவில்லை. "எதிரொலி கெட்டியான பொருள்ல பட்டாத்தானே சார் திரும்பும்? கேஸ்ல பட்டா எப்படித் திரும்பும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான்கு நாளாகப் படிக்கிறேன், பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரி ஒன்றும் கைக்கு வரவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் உதவ வேண்டும். அந்தப் படத்தில் உண்மையில் எது தெரிகிறது? வாயு இத்தனை கோடி வருடம் மேலே வராமல் ஏன் அங்கேயே நிற்கிறது? எல்லாம் பார்த்துத் தோண்டியும் சில கிணறுகளில் வெறும் தண்ணீர் வருகிறதாமே, அது ஏன்?

#2 · அடிநிலம்

சார், அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் இந்தக் கேள்வி எனக்கே தோன்றியது. நான் பெரியபட்டினத்துக்காரன். 19 வருடமாக சைஸ்மிக் படம், அதாவது பூமிக்குள் ஒலி அனுப்பி அதன் எதிரொலியால் வரையும் படம், படிப்பதுதான் பிழைப்பு, பல படுகைகளில் (மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்த பெரும் பள்ளங்கள்).

முதலில் ஒரு தப்பு எண்ணத்தை எடுத்துவிடுவோம். பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரியும் கிடையாது, வாயு நிரம்பிய குகையும் கிடையாது. நம் கடற்கரையில் பெண்கள் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இடுப்பளவு குழியில் குனிந்து சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். அள்ள அள்ளப் பக்கத்து மணலிலிருந்து கசிந்து வரும். அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது? மணல்மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில். எண்ணெயும் வாயுவும் அப்படித்தான், மணற்பாறையின் நுண்துளைகளில் இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடலுக்கு இருபது முப்பது அடி தள்ளித் தோண்டினாலும் சில இடங்களில் நல்ல தண்ணீர் வருகிறது. உப்புத்தண்ணீரைவிட நல்ல தண்ணீர் கொஞ்சம் இலேசு, அதனால் அதே மணலுக்குள் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்று கணக்கு. ஆழத்திலும் இதே கதைதான். பாறைத் துளைகளில் உப்புத்தண்ணீர், அதன்மேல் எண்ணெய், அதற்கும் மேல் வாயு.

சரி, எதிரொலி. ஒலி கெட்டியில் பட்டால்தான் திரும்பும் என்பது பாதி உண்மை. புல்லாங்குழலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனை திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் உள்ளே ஓடுகிற ஒலி அந்தத் திறந்த முனையில் பட்டுத் திரும்புகிறது. திரும்பாவிட்டால் குழலில் சுரமே பிறக்காது. ஒலி திரும்புவதற்குக் கெட்டிப்பொருள் வேண்டியதில்லை, மாற்றம்தான் வேண்டும். பாறையின் அடர்த்தியையும் அதற்குள் ஒலி ஓடும் வேகத்தையும் பெருக்கினால் ஒரு எண் வரும். மேல் அடுக்கின் எண்ணும் கீழ் அடுக்கின் எண்ணும் வேறாக இருந்தால் ஒலியில் ஒரு பங்கு திரும்பும். வித்தியாசம் கூடக்கூட எதிரொலி பலமாகும்.

தண்ணீரில் ஒலி வினாடிக்கு 1500 மீட்டர் ஓடும். புதைந்த களிப்பாறை, மணற்பாறையில் 2000 முதல் 4000 வரை. கருங்கல்லில் 5500, 6000. மணற்பாறைத் துளைகளில் தண்ணீருக்குப் பதில் வாயு புகுந்தால் வேகம் சட்டென்று விழும். அப்போது அதன் மேலே மூடியிருக்கும் களிப்பாறைக்கும் அதற்கும் வித்தியாசம் பெரிதாகிவிடும். அதனால் வாயு இருக்கும் இடத்தில் எதிரொலி சில சமயம் பளிச்சென்று வரும், அதுவும் தலைகீழாக. கெட்டியில் பட்டுத் திரும்பும் அலை மேடாக வந்தால் இது பள்ளமாக வரும். பையன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

1921இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்ச்சர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் வெடி வைத்து, திரும்பி வரும் அலையைப் பதிவு செய்து காட்டினார்கள். இன்று கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை.

#3 · பாம்பன் படகு

தம்பி, நான் 30 வருசமாகக் கடலுக்குப் போகிறவன். எங்கள் படகிலும் எக்கோ சவுண்டர் இருக்கிறது. பார் (கடலடிப் பாறை) இருந்தால் திரையில் தடித்த சிவப்பாக விழும். சேறாக இருந்தால் மங்கலாகத் தெரியும். நீங்கள் சொல்கிற கெட்டி, இலேசு வித்தியாசம் அதுதானே?

ஒரு விசயம் எனக்கு ரொம்ப நாளாகப் புரியாமல் இருந்தது. கத்தாழைக் கூட்டம் திரையில் நெருப்பு மாதிரி தெரியும். சுறா கீழே போனால் அவ்வளவாகத் தெரியாது. உடம்பு சுறாவுக்குத்தான் பெரிசு. உங்கள் பதிவைப் படித்ததும் நெட்டி ஞாபகம் வந்தது. கூறல் கத்தாழையின் வயிற்றில் காற்று அடைத்த நெட்டி இருக்கிறது, அதுதான் பெரிய விலைக்குப் போகிறது. சுறாவுக்கு நெட்டி கிடையாது. அந்தக் காற்றில் பட்டுத்தான் அப்படி எரிகிறதா?

அப்புறம், என் மிசினால் ஏன் சேற்றுக்கு அடியில் பார்க்க முடியவில்லை?

#4 · அடிநிலம்

அண்ணே, ஆமாம், ஆமாம். மீன் உடம்பும் தண்ணீரும் ஒலிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். நெட்டிக்குள் இருக்கும் காற்றுதான் எதிரொலியில் பெரும்பங்கைத் தருகிறது. எங்கள் தொழிலில் 'பிரைட் ஸ்பாட்' என்று ஒன்று சொல்வோம், வாயு இருக்கும் பாறை படத்தில் பளிச்சிடுவது. உங்கள் கத்தாழைக் கூட்டத்துக்கும் அதற்கும் காரணம் ஒன்றே. இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இத்தனை வருடத்தில் கிடைத்ததில்லை.

அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. நெட்டி சின்னதாக இருந்தாலும் திரையில் பளிச்சென்று விழும் அல்லவா? பாறையிலும் அப்படித்தான். துளைகளில் நூற்றுக்கு ஐந்து, பத்து பங்கு வாயு கலந்தாலே ஒலியின் வேகம் விழுந்துவிடும். எண்பது பங்கு வாயு இருந்தாலும் ஏறக்குறைய அதே பளிச்சுதான். முன்பு நிறைய இருந்து கசிந்துபோய், மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும் பாறையும் படத்தில் புதையல் மாதிரித் தெரியும். அதை நம்பித் தோண்டி உலகம் முழுக்கப் பலர் கையைச் சுட்டிருக்கிறார்கள்.

உங்கள் மிசின் 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புகிறது. அவ்வளவு கீச்சான ஒலியைச் சேறு விழுங்கிவிடும். நாங்கள் அனுப்புவது 10 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. தூரத்துத் திருவிழாவில் மேளத்தின் 'தொம் தொம்' மட்டும் நம் காதுக்கு வருமே, நாயனம் வராதே, அது மாதிரி. கனத்த ஒலி ஆழம் போகும். ஆனால் அதற்கு விலை உண்டு: நுணுக்கம் தெரியாது. வினாடிக்கு 3000 மீட்டர் ஓடும் 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 100 மீட்டர். அதில் கால்வாசி, அதாவது 25 மீட்டருக்கு மெல்லிய அடுக்கின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. எட்டு மாடிக் கட்டடம் உயரத்துக்கு ஒரு மணற்பாறை இருந்தால்தான் அது எங்களுக்கு மேலும் கீழுமாகத் தெரியும்.

#5 · மிளகாய்க்காடு

என் பிறந்த வீடு ஆர்.எஸ். மங்கலம் பக்கம், முண்டு மிளகாய் போடுகிற குடும்பம். சில வருடங்களுக்கு முன் எங்கள் காட்டு வழியாக இந்த சர்வே நடந்தது. கிட்ட நின்று பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

ஆரஞ்சுக் கலர் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வரிசையாக ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு சில அடிக்கும் ஒரு சின்னப் பெட்டி. அடியில் ஆணி மாதிரி கூர்முனை. அதை மண்ணில் வைத்துக் குதிகாலால் ஒரு மிதி. கரிசல் வெடித்துக் கிடந்த இடத்தில் நிற்காமல் சாய்ந்தது, ஒரு பையன் வெடிப்புக்குள் ஈரமண் திணித்து நட்டான். வெடி வைக்கும் நேரம் வாக்கிடாக்கியில் ஏதோ சொன்னார்கள், அப்படியே எல்லோரும் அசையாமல் நின்றார்கள். எங்கள் சித்தப்பா ஆடு பத்திக்கொண்டு வந்தார். அவரையும் கையைக் காட்டி நிறுத்தினார்கள். ஆடு நடந்தால்கூட அந்தப் பெட்டிக்குக் கேட்குமாம். 'தும்' என்று பாதம் வழியாக ஒரு அதிர்வு, காதுக்கு வந்தது கொஞ்சம்தான். அவ்வளவுதான், மறுபடி நடை.

குறையையும் சொல்ல வேண்டும். செடி பூத்திருந்த நேரத்தில் வந்தார்கள். நடந்த தடத்தில் இரண்டு பாத்தி போனது. வெடிக்குத் துளைத்த குழி ஒன்றைச் சரியாக மூடாமல் போய்விட்டார்கள், எங்கள் கன்றுக்குட்டியின் கால் அதில் மாட்டிக்கொண்டது. நஷ்டஈட்டுத் தாளை எங்களுக்குப் புரியாத மொழியில் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பணம் வர ஏழு மாதம் ஆனது. அந்த நிறுவனம் எது என்பது இங்கே முக்கியமில்லை. எந்தக் கம்பெனி வந்தாலும் குழியை மூடிவிட்டு அதைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

#6 · அடிநிலம்

அக்கா, குழியை மூடாமல் போனது பெரிய தப்பு. அது சிறு விசயமே இல்லை. விதிப்படி மூடியே ஆக வேண்டும். கிணறு, வீடு, கண்மாய்க் கரை இவற்றுக்கு அருகில் வெடி வைக்கவும் கூடாது, இடைவெளி விட வேண்டும். வரும் தேதியை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை.

அந்தப் பெட்டிக்குப் பெயர் ஜியோபோன். ஆடு நடப்பது மட்டுமல்ல, காற்றில் பனை ஆடினால் வேர் வழியாக வரும் நடுக்கமும் அதற்குக் கேட்கும். நம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமா? அதனால்தான் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். வேறு வேறு இடத்தில் வெடித்து, வேறு வேறு இடத்தில் கேட்டு, ஆனால் பூமிக்கு அடியில் ஒரே புள்ளியில் பட்டுத் திரும்பிய அலைகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒன்றாகக் கூட்டுவோம். பாறையின் எதிரொலி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரும், கூடிக்கொண்டே போகும். பனையும் ஆடும் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி வரும், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 60 தடவை கூட்டினால் இரைச்சலைவிட எதிரொலி ஏழெட்டு மடங்கு தெளிவாகும். அமெரிக்காவின் ஹாரி மேய்ன் 1950களில் கொண்டுவந்த முறை இது. இது இல்லாவிட்டால் எங்கள் படம் வெறும் புழுதிதான்.

#7 · உச்சிப்புளி வாத்தியார்

நெட்டி உதாரணத்தை இன்றே வகுப்பில் சொன்னேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாதிப் பேர் எனக்கு மேலே விளக்கம் கொடுத்தார்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. இலேசானது மேலே வரும் என்றால் வாயு ஏன் வெளியே வந்துவிடவில்லை?

#8 · அடிநிலம்

பெரும்பாலும் வந்துவிட்டது, சார்! பூமியில் உருவான எண்ணெய், வாயுவில் பெரும்பங்கு கசிந்து போனதுதான். வழியில் மாட்டிக்கொண்ட கொஞ்சத்தைத்தான் நாம் தேடுகிறோம். மாட்டிக்கொள்ளும் இடத்தைத்தான் பொறி என்கிறோம்.

இதற்கு நம் கண்மாயை எடுத்துக்கொள்ளலாம். கண்மாய்க்குக் கரை உண்டு, அடியில் களிமண் உண்டு, ஒரு மட்டத்துக்கு மேல் தண்ணீர் வழிய கலுங்கு உண்டு. அந்தக் கண்மாயை அப்படியே கவிழ்த்துப் போடுங்கள். அதுதான் பொறி. தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும், அதனால் கண்மாய்க்கு அடியில் களிமண் வேண்டும். வாயு மேலே ஏறப் பார்க்கும், அதனால் இங்கே மேலே களி வேண்டும், கூரை மாதிரி. அந்த மூடுபாறையின் துளைகள் மிக மிக நுண்மையானவை, தண்ணீர் நிரம்பியவை. அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைய வாயுவுக்குப் பெரும் அழுத்தம் வேண்டும். அது இல்லாதவரை கூரைக்கு அடியிலேயே நிற்கும்.

கவிழ்ந்த கண்மாய்க்கும் கலுங்கு உண்டு. வளைந்த கூரையின் விளிம்பில் எந்த இடம் மிகத் தாழ்வாக இல்லாமல் கொஞ்சம் உயர்ந்து வாய் திறந்திருக்கிறதோ, அந்த மட்டம் வரைதான் நிரம்பும். அதற்கு மேல் வந்து சேருவதெல்லாம் அந்த வாய் வழியாக வழிந்து, சாய்வில் இன்னும் மேலே உள்ள அடுத்த பொறிக்குப் போகும். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறதே, அதே சங்கிலிதான், திசை மட்டும் தலைகீழ்.

இதில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று உண்டு. எண்ணெயும் வாயுவும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? வாயு இலேசு, கூரையை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மேலும் மேலும் வாயு வர வர எண்ணெய் கீழே தள்ளப்பட்டு, கலுங்கு மட்டத்துக்கு வந்து, வழிந்து அடுத்த பொறிக்குப் போய்விடும். கடைசியில் ஆழத்துப் பொறியில் வாயு, மேட்டுப் பொறியில் எண்ணெய்! மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே. 1954இல் கனடாவின் கஸ்ஸோ இதை விளக்கி எழுதினார். முதன்முதலில் படித்த அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் கலுங்கு வழிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது உடனே கண்ணில் நின்றது.

இப்போது சைஸ்மிக்குக்கு வருகிறேன். எங்கள் திரையில் வாயுவோ எண்ணெயோ தெரிவதில்லை. கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக அடுக்குகள் தெரியும். ஒரு வரியைப் பிடித்து, அது போகும் வழியெல்லாம் பின்தொடர்வோம். வடக்கு தெற்காக ஒரு கோடு, கிழக்கு மேற்காக ஒரு கோடு, இப்படி நான்கு கோடுகளில் சதுரமாகச் சுற்றி வந்தால் புறப்பட்ட வரியிலேயே வந்து முடிய வேண்டும். வேறு வரியில் முடிந்தால் எங்கோ தடம் மாறிவிட்டோம் என்று அர்த்தம், திரும்பப் போய்த் தேட வேண்டும். நாள் கணக்கில் இதுதான் வேலை. பிறகு அந்த அடுக்கின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாக்கினால், சம ஆழக்கோடு ஏதாவது ஒரு இடத்தில் கோலத்துச் சுழி மாதிரி முழு வளையமாக மூடும். அந்த வளையம்தான் கவிழ்ந்த கண்மாயின் கரை. வளையம் மூடாவிட்டால் கரை உடைந்த கண்மாய், ஒன்றும் தங்காது.

#9 · கல்லும் மண்ணும்

அடிநிலம் எழுதியதை ரசித்துப் படித்தேன். நானும் நிலவியல் படித்தவன், காவிரிப் படுகையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன். ஆனால் ஒரு எச்சரிக்கை. கவிழ்ந்த கண்மாய் அழகான உருவகம், குவிமாடம் மாதிரி வளைந்த அடுக்குகளுக்குப் பொருந்தும். இராமநாதபுரத்துக்கு அடியில் அப்படி அழகான குவிமாடங்களை எதிர்பார்க்கக் கூடாது.

இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்த பழைய நிலம் பிளக்கத் தொடங்கியபோது பிறந்தது காவிரிப் படுகை. இழுத்துப் பிளந்ததால் கருங்கல் அடித்தளம் படிப்படியாக இறங்கியது. ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு, ஒரு பள்ளம். நாம் இருப்பது இராமநாதபுரம்–பாக் நீரிணைப் பள்ளத்தின் மேல். வடக்கே பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு. தெற்கே மண்டபத்திலிருந்து கடலடியில் நெடுந்தீவுப் பக்கம் ஓடும் மேடு, அதற்கும் தெற்கே மன்னார் வளைகுடாப் பள்ளம். மேற்கே சிவகங்கை, மதுரை போனால் அதே கருங்கல் நிலத்துக்கு மேலேயே வந்துவிடும்.

பள்ளங்களில் படிந்த அடுக்குகளுக்கெல்லாம் நம் ஊர்ப் பெயர்கள்தான். ஆண்டிமடம், சத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி. பரங்கிப்பேட்டையின் பெயரிலும் ஒரு களிப்பாறை. காஞ்சிரங்குடிப் பக்கம் வாயு கிடைத்த மணற்பாறை நன்னிலம் அடுக்கைச் சேர்ந்தது, கிரெட்டேசியஸ் காலத்தது. அதாவது அரியலூரில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் கிடைக்கின்றனவே, அந்தக் கடலின் காலம்.

இங்கே பொறி என்றால் பெரும்பாலும் பாறை உடைந்து ஒரு பக்கம் இறங்கிய பிளவை ஒட்டியது. அல்லது மணற்பாறை மெலிந்து மெலிந்து களிக்குள் முடிந்துபோகும் இடம். கிரெட்டேசியஸ் முடிவில் கடலடியில் அரித்த பெரும் பள்ளத்தாக்குகளைப் பிறகு களி நிரப்பியது, அதன் சுவரில் முட்டி நிற்கும் மணலும் பொறியாகலாம். கண்மாய் மாதிரி நாலு பக்கமும் கரை இல்லை. ஒரு பக்கம் பிளவு என்ற சுவர், அந்தச் சுவர் கசியுமா கசியாதா என்பதே கேள்வி. அதைச் சைஸ்மிக் படம் நேரடியாகச் சொல்வதில்லை.

இன்னொன்று, படுகையின் கடல் பகுதியில் பி.ஒய்.-1 வயலில் வாயு கிடைத்தது மணற்பாறையில்கூட இல்லை, விரிசல் விட்ட கருங்கல்லில்! பாடநூலை மூடி வைத்துவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டிய படுகை இது.

#10 · அடிநிலம்

அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்வேன். பிளவுப் பொறியும் என் கணக்கில் கண்மாய்தான். நம் பக்கக் கண்மாய்களில் எத்தனைக்கு நாலு பக்கமும் கரை இருக்கிறது? மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் மேட்டு நிலம். கரை எதனால் ஆனது என்பதில்தான் வித்தியாசம். பிளவுக்கு அந்தப் பக்கம் மணலுக்கு எதிரே களி வந்து நின்றால் கரை நிற்கும். மணலுக்கு எதிரே மணல் வந்தால் உடைப்பு. பிளவு நகர்ந்தபோது இடையில் இருந்த களி தோசைக்கல்லில் மாவு இழுபடுவது போல் இழுபட்டு பிளவு முகத்தில் பூசிக்கொண்டிருந்தால், மணலுக்கு எதிரே மணல் வந்தாலும் கசியாது. இதையெல்லாம் படத்திலிருந்து அடுக்கு அடுக்காக வரைந்து பார்த்துக் கணிக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதில் நீங்கள் சொன்னதே சரி.

வாத்தியார் சார் கேட்ட மூன்றாவது கேள்விக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். வேறொரு படுகை. ஊர் வேண்டாம். எனக்கு அப்போது வேலையில் நான்காவது வருடம். அழகான வளையம் ஒன்று கண்டுபிடித்தேன். மூடிய சம ஆழக்கோடுகள் மூன்று, ஒன்றுக்குள் ஒன்று. மூத்தவர்கள் பார்த்தார்கள், ஒத்துக்கொண்டார்கள், கிணறு தோண்டினார்கள். நான் சொன்ன அடுக்கு சொன்ன ஆழத்தில் வரவில்லை. 90 மீட்டர் கீழே வந்தது. முழுக்க உப்புத்தண்ணீர்.

காரணம் இதுதான். எங்கள் படத்தின் நெட்டுக்கோடு ஆழம் அல்ல, நேரம். ஒலி போய்த் திரும்ப எத்தனை வினாடி என்பதுதான் பதிவாகிறது. சராசரி வேகம் வினாடிக்கு 3000 மீட்டர் என்றால், போய்த் திரும்ப 2 வினாடி ஆகும் இடம் 3000 மீட்டர் ஆழம். வேகத்தில் நூற்றுக்கு ஐந்து பிசகினால் ஆழத்தில் 150 மீட்டர் பிசகும். நான் பார்த்த வளையத்துக்கு மேலே ஒரு சுண்ணாம்புக்கல் திட்டு இருந்திருக்கிறது. அதற்குள் ஒலி வேகமாக ஓடிச் சீக்கிரம் திரும்பிவிட்டது. சீக்கிரம் திரும்பியதால் அதற்கு நேர் கீழே இருந்த அடுக்கு படத்தில் மேடாகத் தெரிந்தது. உண்மையில் அங்கே மேடே இல்லை, சமதளம். நான் பார்த்தது கண்மாய் இல்லை, கானல்.

அன்றிலிருந்து எந்த வளையத்தைப் பார்த்தாலும் முதலில் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். நம் மன்னார் வளைகுடாப் பக்கம் இது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய இடம். கடலடி சட்டென்று ஆழத்துக்கு இறங்குகிறது, ஆழ்கடல் பக்கத்து அடுக்குகளுக்கு நடுவே எரிமலைப் பாறையும் இருக்கிறது. அது ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அதற்கு அடியில் இருப்பது மங்கிப்போகும்.

#11 · கல்லும் மண்ணும்

இந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. 90 மீட்டர் பிசகை எழுத்தில் ஒத்துக்கொள்ள மனசு வேண்டும்.

வாத்தியாருக்கு ஒரு கணக்கு. வாயு கிடைக்கப் பல விசயங்கள் சேர்ந்து வர வேண்டும். அதைச் சமைத்த தாய்ப்பாறை வேண்டும். 60 முதல் 120 டிகிரி சூட்டில் எண்ணெய் உருவாகும், அதற்கு மேல் போனால் வாயு. துளையுள்ள பாறை வேண்டும், கூரை வேண்டும், பொறி வேண்டும். வாயு கிளம்பி வருவதற்கு முன்பே பொறி உருவாகியிருக்கவும் வேண்டும். மழை பெய்து முடிந்த பிறகு கரை கட்டிப் பயன் இல்லை அல்லவா? ஒரு பேச்சுக்கு, தாய்ப்பாறைக்கு 0.8, துளைப்பாறைக்கு 0.8, கூரைக்கு 0.7, பொறிக்கும் காலத்துக்கும் சேர்த்து 0.6 என்று வாய்ப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நல்ல மார்க்குதான். பெருக்கினால் 0.27தான் வரும். நாலு கிணற்றில் ஒன்று. பிள்ளைகளைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

#12 · பாம்பன் படகு

நிலத்தில் வெடி. கடலில் என்ன செய்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தனுஷ்கோடிக்கு எதிரே மன்னார் தீவில் பேசாலையில் 1970களிலேயே ரஷ்யாக்காரர்கள் உதவியோடு தோண்டினார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். 2011இல் இலங்கைப் பக்கம் மன்னார் கடலில் கேஸ் கிடைத்த செய்தியும் வந்தது. நம் பக்கமும் வருவார்கள். ஏர்கன் அடித்தால் மீன் ஓடிவிடும் என்கிறார்கள். இது எங்கள் சோறு. தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

#13 · கடற்புல்

நான் கடல் உயிரியல் படிக்கிறேன், அண்ணா. ஏர்கன் என்பது அழுத்திய காற்றைத் தண்ணீருக்குள் திடீரென்று விடுவது. கப்பல் போகப் போகச் சில வினாடிக்கு ஒரு தடவை அடிக்கும், பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிளில் உள்ள மைக்குகள் கேட்கும். பாக் நீரிணை ரொம்ப ஆழம் குறைவு, அந்தக் கப்பல் அங்கே ஓட முடியாது. அந்த மாதிரி இடங்களில் சிறு படகில் போய்க் கேபிளைத் தரையிலேயே போடுவார்கள். அப்போது வலையும் கேபிளும் ஒரே இடத்தில் கிடக்கும்.

மீன் விலகுமா என்றால், விலகும். சர்வே நடக்கும் நாட்களில் பிடிப்பு குறைந்ததை வேறு நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். 2017இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா கடலில் ஒரே ஒரு ஏர்கனை வைத்துச் சோதித்தபோது, 1.2 கிலோமீட்டர் தூரம் வரை மிதவை நுண்ணுயிர்கள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு செத்துக் கிடந்தன. மீன்குஞ்சு, இறால்குஞ்சு தின்பது அவற்றைத்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் சேர்ந்த கடல்சார் தேசியப் பூங்கா 1986இலிருந்து இருக்கிறது, 1989இலிருந்து உயிர்க்கோளக் காப்பகமும். ஆவுளியா (கடல்பசு) மேய்கிற கடல் இது. மெதுவாகத் தொடங்கிச் சத்தத்தைக் கூட்டுவது, ஆமையோ ஆவுளியாவோ கண்ணில் பட்டால் நிறுத்துவது என்று முறைகள் இருக்கின்றன. நுண்ணுயிருக்கு நீந்தி விலகத் தெரியாது. அதனால் முட்டையிடும் காலத்தில் இந்தக் கடலில் அடிக்கவே கூடாது என்பது என் கருத்து.

#14 · மிளகாய்க்காடு

எனக்கும் ஒரு கேள்வி. புதிய எண்ணெய், வாயுக் கிணறுகளைத் தடுக்க 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் மாவட்டம் இல்லை. 2025இல் இங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி.க்கு அனுமதி கொடுத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. அந்த வாரம் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். சர்வே வந்தாலே நிலம் போய்விட்டது என்று ஒருவர், சர்வேதானே, ஒன்றும் ஆகாது என்று இன்னொருவர். எது சரி, அடிநிலம் தம்பி?

#15 · அடிநிலம்

இரண்டுமே சரியில்லை அக்கா. சர்வே வேறு, ஆய்வுக் கிணறு வேறு, எடுப்புக் கிணறு வேறு. சர்வேயில் நீங்கள் சொன்ன பாத்தி, குழி, கன்றுக்குட்டி. கிணறு என்றால் நிலம், சாலை, கழிவுச் சேறு, தண்ணீர், வருடக்கணக்கான நடமாட்டம். ஆனால் முதலாவது முடிந்தால் இரண்டாவது தேடி வரும் என்பதும் உண்மை. படம் எடுப்பதே அதற்குத்தானே.

நான் இந்தத் தொழிலில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவன், அதை மறைக்கவில்லை. என் ஊருக்கு அடியில் இருப்பதைப் படிக்க எனக்கு ஆசை உண்டு. இந்தப் படங்களிலிருந்து தண்ணீருக்கும் பயன் உண்டு, ஆழத்து மணல் அடுக்குகள் எங்கே தொடர்கின்றன, எங்கே முடிகின்றன என்று தெரியும். அதே சமயம் எங்கே தோண்டலாம் என்பதை என் போன்றவர்கள் திரையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஊர்க் கூட்டத்தில் அந்த வரைபடத்தை விரித்து, இதுதான் வளையம், இது கிடைக்க இத்தனை வாய்ப்பு, கிடைக்காவிட்டால் இந்தக் குழியை இப்படி மூடுவோம் என்று தமிழில் சொல்ல வேண்டும். நாலில் ஒன்று என்றால் நாலில் ஒன்று என்றே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

#16 · உச்சிப்புளி வாத்தியார்

நேற்று வகுப்பில் செய்து பார்த்தோம். மீன்தொட்டி ஒன்றில் ஈர மணல், அதன்மேல் குயவரிடம் வாங்கிய களிமண்ணை வில் மாதிரி வளைத்து வைத்து, மறுபடி மணல், மேலே தண்ணீர். அடியில் மெல்லிய குழாய் செருகி, மீன்தொட்டிப் பம்பால் மெதுவாகக் காற்று விட்டோம். களிமண் வளைவுக்கு அடியில் மணல் வெளுத்துக்கொண்டே வந்தது, தண்ணீர் விலகி காற்று நிற்கிறது! அடிப்பக்கம் சமமாக ஒரு கோடு. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

ஆனால் கலுங்கு மட்டம் வருவதற்கு முன்பே ஒரு பக்கம் குமிழி கிளம்பிவிட்டது. பார்த்தால் களிமண்ணும் கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒரு இடுக்கு. அந்தப் பழைய பையன்தான் சொன்னான், "சார், ஃபால்ட் (பிளவு) கசியுது." பிறகு அவனே கையை விட்டு, களிமண் விளிம்பைக் கட்டைவிரலால் கண்ணாடியில் இழுத்துப் பூசினான். நின்றுவிட்டது. பீரியட் முடிந்து மணி அடிக்கும்போதும் காற்று அங்கேயே இருந்தது.

இன்று காலை திறந்து பார்த்தால் பாதிதான் இருக்கிறது. எங்கே போனது என்று கேட்கிறார்கள்.

#17 · அடிநிலம்

சார், அந்தப் பையன் கட்டைவிரலால் பூசினானே, நான் #10இல் சொன்ன தோசைமாவு அதுதான். அவனிடம் சொல்லுங்கள்.

மேலே ஊற்றிய தண்ணீர் இராத்திரியில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் களிமண்ணின் மேற்பக்கம் காய்ந்து விரிசல் விட்டிருக்கும். களி ஈரமாக இருக்கும்வரைதான் அது கூரை. நாளைக்குக் களிமண்ணுக்கு மேலே நாலு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கிற மாதிரி ஊற்றி வைத்துவிட்டு, காற்றுக் கோட்டுக்கு நேராகக் கண்ணாடியில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை எங்கே நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள்.